ஊற்றில் வைத்த கால்

மாமா,

இன்று காலை பீன்ஸ் கொடியில் அசுவினிப் பூச்சி விழுந்துவிட்டதென்று என் வீட்டுக்காரி ஒரு கட்டுப் புகையிலையைத் தகர டப்பாவில் ஊறப்போட்டிருந்தாள். பல் தேய்க்கப் பின்பக்கம் போனேன். அந்த நெடி மூக்கில் ஏறியதுதான் தாமதம், குனிந்து வேட்டியைத் தூக்கிக் கணுக்காலைப் பார்த்தேன். அட்டை ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று! அட்டை இருக்கும் பக்கமே போகாமல் வருஷக்கணக்காக மிஷின் மிதித்துக்கொண்டிருக்கிற கால் இது.

"என்னத்தத் தேடுறீக?" என்றாள்.

"மாமாவ" என்றேன், வாய் தவறி.

அவள் டப்பாவை மூடி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. உயிரோடு இருந்தவரை உங்களுக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. எதற்கு எழுத வேண்டும்? உங்கள் ஜவுளிக்கடை வாசலில்தான் என் தையல் மிஷின். நீங்கள் உட்காரும் மெத்தைக்கும் என் முக்காலிக்கும் நடுவே ஆறடி இருந்தால் அதிகம். நீங்கள் கம்பளித் துணியைக் கிழிக்கும் சத்தத்தை வைத்தே எத்தனை கஜம் என்று சொல்லிவிடுவேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அந்த ஒரு கணக்குத்தான் தப்பாமல் வரும். இப்போது எழுத உட்கார்ந்தால் பேனாவைவிட ஊசி எவ்வளவோ மேல் என்று தோன்றுகிறது. ஊசி குத்தினால் உடனே தெரிந்துவிடும்.

நீங்கள் ராவுத்தர், நான் இந்து. ஆனாலும் உங்கள் வாப்பாவும் என் அய்யாவும் மாமன், மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். நாமும் அப்படியே கூப்பிட்டோம். கொடைக்கானல் சீசனுக்கு வந்த மெட்ராஸ்காரர் ஒருவர், "நீங்க ரெண்டு பேரும் எப்படி சொந்தம்?" என்று கேட்டபோது நீங்கள் கொஞ்சமும் யோசிக்காமல், "இவன் பொண்ணு எடுக்கல, நான் பொண்ணு குடுக்கல. அதனால சண்டையில்லாத சொந்தம்" என்றீர்கள்.

பெண் விஷயத்தில் நான் எப்படிப்பட்ட கெட்டிக்காரன் என்பது பஜாரில் உங்களுக்குத்தான் முழுதாகத் தெரியும். என் மகள் சரோஜாவுக்கு முதலில் வந்தது வத்தலக்குண்டு வரன். முறைப்படி சொல்லியனுப்பிவிட்டு நல்ல நாள் பார்த்துப் போனேன். நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். கேசரியில் முந்திரி நிறையக் கிடந்தது. மாப்பிள்ளைப் பையன் வந்தான். நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்தான். அளவெடுக்கிறேன் என்று ஊரார் காலடியிலெல்லாம் நான் உட்கார்ந்திருக்கிறேனே தவிர, என் காலில் அதுவரை ஒருவரும் விழுந்ததில்லை. அப்படியே உருகிப்போனேன். வீட்டுக்கு வந்து, "பையன் தங்கம்" என்றேன். பத்திரிகை அச்சடித்த பிறகுதான் தெரிந்தது, தங்கத்துக்குப் போடியில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருப்பது.

சரோஜா அப்போது எனக்குக் காஜா எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அழுவாள் என்று பயந்தேன். கையிலிருந்த காஜாவை முடித்தாள், நூலைக் கடித்தாள்.

"யாருப்பா போயிப் பாத்தது?"

"நாந்தாம்மா."

"அப்பச் சரிதான்" என்று அடுத்த பொத்தான் துளைக்குப் போய்விட்டாள்.

அழுதிருந்தால்கூட அன்று ராத்திரி தூங்கியிருப்பேன்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் ஒருவரும் வாசற்படி மிதிக்கவில்லை. அச்சடித்து நின்ற கல்யாணம் என்றால் ஊர் என்ன பேசும் என்று சொல்ல வேண்டுமா? தப்பு அவன்மேல், பேச்சு என் பெண்மேல். கடைசியாகப் பண்ணைக்காட்டிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் வேலுச்சாமி, பாரஸ்டு கார்டு, பேரிஜம் காட்டில் வேலை. தாயார் மட்டும் பண்ணைக்காட்டில். "வீட்டுக்கு வந்து பாருங்க" என்று சொல்லியனுப்பினார்கள். நான் வேட்டியைத் துவைத்துப் போட்டேன். அப்போதுதான் நீங்கள் முழக்கோலால் என் மிஷினைத் தட்டினீர்கள்.

"ஏலே மாப்ள, வீட்டுக்குப் போகாத. வீட்ல எல்லாரும் நல்லவந்தான். அவன் சோலி பாக்குற எடத்துல போயிப் பாரு. சொல்லாமப் போ."

"சொல்லாமப் போறது மொறையா மாமா?"

"மொறையாப் போயி என்னத்தக் கிழிச்ச?"

நான் குனிந்து மிஷினை மிதிக்கத் தொடங்கினேன்.

நாம் இருவரும் வேடம் போட்டுப் போவதென்று முடிவாயிற்று. காரணம் இருந்தது. பெண் வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போய் வேண்டாம் என்றார்கள் என்று வெளியே தெரிந்தால், மூன்றாவது வரன் என்பதே சரோஜாவுக்கு இல்லாமல் போய்விடும். பிடிக்காவிட்டால் வந்த சுவடு தெரியாமல் திரும்பிவிட வேண்டும். அந்தக் காட்டுக்குள் நுழைய ரேஞ்சர் ஆபீஸ் பாஸ் வேண்டும், ரெஸ்ட் ஹவுஸில் தங்க இன்னொரு கடுதாசி வேண்டும். ஆபீஸுக்குக் கம்பளி கொடுப்பவர் நீங்கள். ஒரே நாளில் இரண்டையும் வாங்கிவந்துவிட்டீர்கள். மதுரையில் மிளகு மண்டி வைத்திருக்கும் கூட்டாளிகள் என்று சொல்வதாகப் பேசிக்கொண்டோம். துரை ஒருவர் தைக்கக் கொடுத்துவிட்டு, வாங்க வராமலே சீமைக்குப் போய்விட்ட கோட்டு ஒன்று என்னிடம் கிடந்தது. அதை எடுத்து மாட்டினேன். நானே தைத்தது என்பதால் சொல்கிறேன், கோட்டு நன்றாகத்தான் இருந்தது. உள்ளே இருந்தவன்தான் பொருந்தவில்லை.

ஐப்பசி கடைசி. மழை இரண்டு நாள் ஓய்ந்திருந்தது. வெள்ளனே கிளம்பினோம். அட்டைக்கு மருந்தென்று, ஊறவைத்த புகையிலையையும் சுண்ணாம்பையும் பார் சோப்பையும் பிசைந்து முழங்கால்வரை பூசிவிட்டிருந்தீர்கள். காய்ந்ததும் கால் இரண்டும் வெள்ளையடித்த தூண்மாதிரி ஆகிவிட்டது. வேட்டியும் துரை கோட்டும் வெள்ளைக்காலுமாக நான் நடந்த அழகைப் பார்த்து எதிரில் வந்த கழுதைகூட ஒதுங்கித்தான் போயிற்று.

பன்னிரண்டு மைலுக்கு மேல் நடை. உங்களுக்கு அது கடையிலிருந்து பள்ளிவாசலுக்குப் போவதுபோல. எனக்கு, உட்கார்ந்த இடத்திலேயே கால் ஆட்டிச் சம்பாதிப்பவனுக்கு, நாலாவது மைலிலேயே மூச்சு வாங்கியது. நீங்கள் வேகத்தைக் குறைக்கவும் இல்லை, "உட்காருவோமா" என்று கேட்டு என் மானத்தை வாங்கவும் இல்லை. நான் பின்தங்கும்போதெல்லாம் செருப்பில் கல் மாட்டிக்கொண்டது என்று குனிந்துவிடுவீர்கள். அன்றைக்கு உங்கள் செருப்பில் மாட்டிய கல்லையெல்லாம் சேர்த்தால் ஒரு வீடு கட்டலாம்.

சோலைக்குள் பாதை நுழைந்ததும் வெயில் நின்றது. மரமெல்லாம் பாசி போர்த்திக்கொண்டு கிழவர்களைப்போல் கோணிக்கொண்டு நின்றன. அட்டைகள் சருகுநுனியில் எழுந்து நின்று தலையை ஆட்டின. உங்கள் மருந்து பட்டதும் சுருண்டு விழுந்தன. சோலை முடிந்து வெளியே வந்தால் கண்ணுக்கெட்டியவரை புல்மேடு. மேட்டுக்கு மேடு மடிப்பு வைத்துத் தைத்தமாதிரி. அந்த மடிப்புகளின் இடுக்கில்தான் உளை என்கிற சதுப்பு. தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் இருக்கும். கிட்டப் போனால் கம்பளம் மூச்சுவிடும். பாசிக்கு அடியில் எங்கேயோ தண்ணீர் பேசிக்கொண்டு போகிற சத்தம், ஆனால் தண்ணீர் கண்ணில் படாது.

சங்கிலி போட்ட கேட்டில்தான் வேலுச்சாமியைப் பார்த்தோம். ஒல்லி. மார்பளவு முப்பத்திரண்டு, தோள் பதினாறரை. காக்கிச் சட்டையை எவனோ பெரிதாகத் தைத்துக் கெடுத்திருந்தான். பாஸை வாங்கிப் படித்தான். மறுபடியும் முதலிலிருந்து படித்தான். என் காலைப் பார்த்தான். கோட்டைப் பார்த்தான்.

"வாங்க சார். ரொம்ப தூரம் நடந்துருக்கீங்க" என்று சங்கிலியை அவிழ்த்தான்.

"மதுரையிலருந்து வர்றோம். மிளகு மண்டி" என்றேன், கேட்கும் முன்பே.

"அப்படிங்களா" என்றான். அவ்வளவுதான்.

ரெஸ்ட் ஹவுஸ் ஏரிக்கரையில், தகரக் கூரையோடு. இரண்டு இரும்புக் கட்டில், ஒரு கணப்பு அடுப்பு. பட்டாளத்துப் போர்வைகள், ஒன்றில் எலி கடித்த ஓட்டை. அவனே விறகு போட்டான், கடுங்காபி போட்டுத் தந்தான், நாம் கொண்டுபோன அரிசியை வாங்கிப் பொங்கினான். எனக்கு மாப்பிள்ளை பார்க்கும் வேலை ஆரம்பமாகிவிட்டது. காபி தரும்போது வாயை மோந்துபார்த்தேன். விறகுப்புகை வாசனைதான். சமையல்கட்டில் பாட்டில் தேடினேன். மண்ணெண்ணெய் பாட்டில் ஒன்று அகப்பட்டது, அதையும் மோந்துபார்த்தேன். நீங்கள் தலையில் அடித்துக்கொண்டீர்கள்.

சாயங்காலம் கணப்பருகே உட்கார்ந்து அவன் தன் காலில் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது நான் நைசாக ஆரம்பித்தேன்.

"தம்பிக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"பேசிக்கிட்டுருக்காங்க சார். கொடைக்கானல்ல ஒரு எடம். பொண்ணோட அப்பா டெய்லராம்."

நீங்கள் இருமினீர்கள். நான் விடவில்லை.

"அவரு எப்படிப்பட்ட ஆளாம்?"

"நல்ல மனுசருன்னுதான் சொல்றாங்க. கொஞ்சம் அவசரக்காரராம். கேசரி குடுத்தா சம்மதிச்சுருவாராம்."

நீங்கள் எழுந்து வெளியே போய்விட்டீர்கள். ஏரிக்கரை இருட்டில் நீங்கள் சிரித்த சிரிப்பை இருமல் என்று நான் நம்பினேன். என் புகழ் பண்ணைக்காடுவரை எட்டியிருக்கிறதே என்று வருத்தப்பட்டேனே தவிர, பொறி தட்டவில்லை.

"மிளகு எந்த மாசம் பறிப்பு சார் இப்பல்லாம்?" என்று அவன் கேட்டான்.

"ஆடியில" என்றேன் கம்பீரமாக.

"எங்க பண்ணைக்காட்டுல தையிலதான் பறிப்போம். மதுரைப் பக்கம் வெரசா காய்க்குது போல" என்று சொல்லிவிட்டு அவன் படுக்கப் போனான்.

மறுநாள் காலை உளையைச் சுற்றிக் காட்டுகிறேன் என்றான். என்னை விட்டிருந்தால் போர்வைக்குள்ளேயே இருந்திருப்பேன். நீங்கள்தான் மறுபடியும் காலில் மருந்து பூசி இழுத்துப்போனீர்கள். அவன் சொன்னது ஒன்றே ஒன்று: "நான் கால் வச்ச எடத்துல மட்டும் கால் வையிங்க." பாசியில் சிவப்புப் பொட்டு வைத்தமாதிரி ஒரு செடி காட்டினான், அதன் மயிர்நுனியில் பனித்துளிபோல் பசை, அதில் ஒரு கொசு மாட்டி உதறிக்கொண்டிருந்தது. மிளா மான் தண்ணீர் குடித்த தடம் காட்டினான். கீழே ஓரிடத்தில், பாறையடியில், தண்ணீர் கடைசியாக வெளியே வந்து கண் திறந்தது. குண்டான் அகலத்தில் ஒரு ஊற்று. அடிமணல் தெரியும் தண்ணீர். "இங்கருந்து ஏரிக்குப் போகுது, ஏரியிலருந்து பெரியகுளத்துக்குப் போகுது. அந்த ஊரு குடிக்கிறது இதத்தான்" என்றான். என் மாமனார் ஊர் அது. வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

உங்களுக்கு நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு நேரம் வந்தது. ஒளு செய்ய வேண்டும். நீங்கள் ஊற்றில் கையே வைக்கவில்லை. சொம்பை அவனிடம் கொடுத்து மொண்டுதரச் சொன்னீர்கள். இருபதடி தள்ளிப் புல்லுக்குப் போய்க் கைகால் கழுவினீர்கள். அவன் தானாகவே மேற்கு எந்தப் பக்கம் என்று காட்டினான். மூடுபனி வந்து உங்களைப் பாதி மறைத்தது. நீங்கள் தொழுவதைப் பார்த்துக்கொண்டு அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்தபடி நின்றான்.

அந்த நேரம் பார்த்து நான் சும்மா நின்றிருக்கலாம்.

உளைக்கு நடுவில் ஒரு புல்திட்டு, பூத்துக்கொண்டு அழகாக இருந்தது. அதன்மேல் உட்கார்ந்து கொஞ்சம் காலாறலாம் என்று ஓரடி வைத்தேன். இரண்டாவது அடி கிடைக்கவில்லை. இடதுகால் தொடைவரை போய்விட்டது. உதற உதற உள்ளே இழுத்தது. கத்தக்கூட வெட்கம், மண்டி முதலாளி அல்லவா! அவன்தான் திரும்பிப் பார்த்தான். ஓடிவந்து பாசிமேல் குப்புறப் படுத்து, கைத்தடியை நீட்டி, "ஒதறாதீங்க, படுங்க, முன்னால சாஞ்சு படுங்க" என்றான். துரை கோட்டோடு சேற்றில் படுத்தேன். இழுத்துப் போட்டான். கால் வந்தது. செருப்பு இன்றும் அங்கேதான் இருக்கிறது.

எழுந்ததும் நேரே ஊற்றுக்குப் போனேன். சேறு, சுண்ணாம்பு, சோப்பு, புகையிலை எல்லாவற்றோடும் இரண்டு காலையும் அந்தத் தண்ணீருக்குள் விட்டேன்.

"கால எடுய்யா!"

அப்படி ஒரு சத்தம் அந்த மலையில் நான் கேட்டதில்லை. சோலையிலிருந்து பறவையெல்லாம் எழுந்து பறந்தன. நான் துள்ளி வெளியே விழுந்தேன்.

"ஊரு குடிக்கிற தண்ணின்னு சொன்னேன்ல? சொல்லி ஒரு நாழி ஆகல. கண்ணு தெரியலையா?"

முகம் சிவந்து நின்றான். சொம்பில் தண்ணீர் மொண்டு என்னைத் தள்ளிக் கூட்டிப்போய்ப் புல்லில் உட்கார வைத்து அவன் கையாலேயே என் காலைக் கழுவிவிட்டான். திரும்பிப் போய் ஊற்றருகே குந்திக்கொண்டு கொட்டாங்கச்சியால் கலங்கல் தண்ணீரை அள்ளி அள்ளி வெளியே கொட்ட ஆரம்பித்தான். நீங்கள் தொழுது முடித்து வந்தும் அவன் நிறுத்தவில்லை. மணல் தெரியும், மறுபடி கலங்கும், மறுபடி இறைப்பான். நானோ கோவத்தில் வெந்துகொண்டிருந்தேன். வயசுக்கு மரியாதை உண்டா? 'எடுய்யா'வாம்! ஊற்றுக்கண்ணில் புதுத்தண்ணீர் பூத்து வந்ததும் அதில் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தான். கொஞ்சம் யோசித்தான். துப்பிவிட்டு இன்னொரு தடவை முழுக்க இறைத்தான்.

ரெஸ்ட் ஹவுஸுக்குத் திரும்பியதும் உங்களை ஓரமாக இழுத்துப்போய், "இவனுக்கு என் மகளக் குடுக்க மாட்டேன். கெளம்புங்க" என்றேன்.

நீங்கள் மூட்டையைக் கட்டினீர்கள். கிளம்பும்போது அவன் பெரிய நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். தங்கியவர்கள் பெயரும் ஊரும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். பேனாவைப் பிடித்துக்கொண்டு, மதுரையில் எந்தத் தெரு என்று யோசித்தேன்.

"பாஸ்ல உள்ளதையே எழுதுங்க டெய்லரய்யா" என்றான் அவன். "பேரு, பஜார், தையல்காரர், கொடைக்கானல். எல்லாம் அதுல சுத்தமா எழுதியிருக்கு."

நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் கூரையைப் பார்த்தீர்கள். பொய்ப் பெயரில் சர்க்கார் பாஸ் வாங்கமாட்டேன் என்று நீங்கள் உண்மையை எழுதிக் கொடுத்ததும், வேடம் போட்ட இரண்டு பேரும் அந்தக் காகிதத்தை மறந்ததும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாம் அவனைப் பார்க்கப் போன ஒன்றரை நாளும் அவன் நம்மைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"கேட்லயே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா என்னைய அந்தச் சத்தம் போட்ட?"

அவன் கொஞ்சம் தலையைச் சொறிந்தான். "வேத்தாளா இருந்தா மெதுவாச் சொல்லியிருப்பேன். அவரு போயிருவாரு. நீங்க இனிமே வருவீங்க போவீங்க. மொதல்லயே தெரிஞ்சுக்கிட்டா நல்லதுல்ல? 'எடுய்யா'ன்னது தப்புத்தான். அதுக்கு மன்னிச்சுக்கங்க. கால எடுக்கச் சொன்னதுக்கு மன்னிப்புக் கேக்கமாட்டேன்."

திரும்பி நடந்தோம். ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் கோணிச்சாக்கு. பாதி வழியில் நீங்கள் நின்றீர்கள்.

"மாப்ள, போன தடவ ஒருத்தன் ஒன் கால்ல விழுந்தான்."

"ஆமா."

"இவன் ஒன் கால எடுக்கச் சொல்லிட்டான்."

"ஆமா, அதுக்கு?"

"ஒண்ணுமில்ல. நடப்போம்."

அவ்வளவுதான் நீங்கள் வாதாடியது. மீதி ஆறு மைலும் அந்த இரண்டு காலையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டே நடந்தேன். பஜார் கண்ணில் பட்டபோது மட்டும், "வீட்டுக்குப் போயி நீ பாத்தத மட்டும் சொல்லு, மாப்ள. நீ நெனச்சதச் சொல்லாத. நெனைக்கிற சோலிய அந்தப் பிள்ளைக்கு விடு" என்றீர்கள்.

சொன்னேன். கோட்டு, மிளகு, ஆடி மாசம், மண்ணெண்ணெய் பாட்டில், ஒன்றுவிடாமல். என் வீட்டுக்காரி இரண்டு இடத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சரோஜா சிரிக்கவில்லை. கையில் காஜா ஊசியோடு கேட்டுக்கொண்டிருந்தாள். ஊற்றுக் கதை வந்ததும் ஊசி நின்றது.

"நீங்க கால எடுத்தப்பறம், அந்தத் தண்ணிய எறச்சாரா?"

"எறச்சான்."

"எதுவரைக்கும்?"

"மணல் தெரியுறவரைக்கும். குடிச்சுப் பாத்துட்டு, திரும்ப ஒரு தடவை எறச்சான்."

அவள் நின்ற ஊசியை மறுபடி துணியில் குத்தி இழுத்தாள்.

"சரிப்பா. பேசுங்க" என்றாள்.

அந்தத் தை மாசமே கல்யாணம். மாப்பிள்ளைக்குச் சட்டை நான் தைத்தேன், தோள் பதினாறரைக்குச் சரியாக. நீங்கள் பந்தலில் நின்றுகொண்டு, கேசரியை மட்டும் என் இலையில் வைக்கக் கூடாதென்று பரிமாறுபவர்களுக்கு உத்தரவு போட்டீர்கள்.

இப்போது அந்தப் புல்மேட்டில் பாதியைத் துரைமார் கொண்டுவந்து நட்ட, தண்ணீர் உறிஞ்சும் சீகை மரம் மூடிவிட்டது. ஊற்று கொஞ்சம் இளைத்துத்தான் போயிருக்கிறதாம். மாப்பிள்ளை சொல்லும்போது முகம் ஒருமாதிரி ஆகிவிடுகிறது. சரோஜா அவரோடு காட்டு லயத்து வீட்டில் நாலு வருஷம் இருந்தாள். மழைக்காலத்தில் ஈரவிறகைப் பற்றவைக்க அவளைப்போல் ஆள் இல்லை என்கிறார். சண்டை போட்டால் அவள் சத்தம்தான் கேட்கும் என்றும் சொல்கிறார். எனக்கு அதில் பரம திருப்தி.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும் மாமா. கல்யாணம் முடிந்த மறுமாசமே பஜாரில் நான் சொல்லத் தொடங்கிவிட்டேன்: "மாப்பிள்ளையை நாந்தான் காட்டுக்குள்ள போயி, வேசம் போட்டு, பாத்துப் பாத்து எடுத்தேன்." டீக்கடையில் சொன்னேன், சலூனில் சொன்னேன், அளவெடுக்கும்போது வாயில் டேப்பைக் கடித்துக்கொண்டு சொன்னேன். வேண்டாம் என்று மூட்டை கட்டச் சொன்ன கதையை மட்டும் சொல்லவில்லை. ஆறடி தூரத்தில் உட்கார்ந்து நீங்கள் கம்பளி மடித்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு தடவைகூட வாய் திறந்து மறுக்கவில்லை. "எங்க மாப்ள கண்ணு அப்படி" என்று ஆமோதித்ததும் உண்டு.

மாசி மாசம் நெஞ்சுச்சளி கட்டி நீங்கள் படுத்த படுக்கையாக இருந்தபோது ஒருநாள் அதைச் சொல்லி வருத்தப்பட்டேன். "எல்லாத்தையும் நாஞ் செஞ்சதாச் சொல்லிட்டேன் மாமா. செஞ்சது நீங்க." மூச்சு இழுத்துக்கொண்டே கையை ஆட்டினீர்கள். "வெளிய சொல்லிராத. அப்பறம் பொண்ணப் பெத்தவனெல்லாம் எங்கிட்ட வந்து நிப்பான். எனக்கு ஏவாரம் கெடக்கு." அதுதான் நீங்கள் என்னிடம் கடைசியாகச் சொன்ன வேடிக்கை. நாலாம் நாள் பள்ளிவாசலில் உங்கள் குழிக்கு மூன்று பிடி மண் நானும் போட்டேன். மாப்பிள்ளை எனக்குப் பக்கத்தில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

உங்கள் பேச்சைப் போன வாரம் மீறிவிட்டேன். பூம்பாறைக்காரர் ஒருவர் கோட்டுத் தைக்க வந்தார். தோள் அளவெடுக்கும்போதே அவருடைய தோள் இறங்கிக் கிடந்தது. மகளுக்குப் பாச்சலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் பையன் வந்திருக்கிறானாம். ஒருவர் நல்லவன் என்கிறாராம், ஒருவர் தலையை ஆட்டுகிறாராம். "ஒங்க கண்ணுக்குத் தப்பாதுன்னு பஜாருல சொல்றாங்க டெய்லரய்யா. ஒரு எட்டு வந்து பாத்துச் சொல்லணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

பழக்கதோஷத்தில், "ஆமா, நாந்தான் காட்டுக்குள்ள போயி" என்று ஆரம்பித்துவிட்டேன். உங்கள் மெத்தைப் பக்கம் தானாகக் கண் போயிற்று. உங்கள் மகன் யாருக்கோ துணி கிழித்துக்கொண்டிருந்தான். மேற்கொண்டு பொய் வரவில்லை.

"எங்கண்ணு பொட்டக்கண்ணுய்யா" என்றேன். "முந்தின தடவ கேசரியப் பாத்து மயங்குனேன். அடுத்த தடவ நல்லவனப் பாத்து வேணாம்னு சொன்னேன். எம் மக பொழச்சது என்னால இல்ல. இந்தக் கடை ராவுத்தரால."

அந்த மனுஷர் முகம் தொங்கிப்போயிற்று. "அப்ப நீங்க வந்து என்ன செய்வீங்க?"

டேப்பைச் சுருட்டிக்கொண்டே யோசித்தேன். எனக்கு வயசு அறுபதாகப் போகிறது. பாச்சலூர் இறக்கம் மோசமான இறக்கம்.

"கூட நடப்பேன்" என்றேன். "நீங்க பின்தங்குனா செருப்புல கல்லுன்னு சொல்லிக் குனிஞ்சுக்கிருவேன். வேறொண்ணும் செய்யமாட்டேன்."

வெள்ளிக்கிழமை காலையில் கிளம்புகிறோம்.